சாக்பீஸ் பூசிய குச்சி

அப்பா பெட்ரோல் மேல் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டினார். பழைய ஜீப்பில் டேங்க் இருக்கும் இடம் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே. இரண்டாம் உலகப் போருக்காக 1941-இல் வில்லிஸ் கம்பெனி செய்யத் தொடங்கிய ஜீப்பின் அமைப்பு அது. மிலிட்டரி டிஸ்போசலில் ஏலம் போய், கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்த வண்டியும் அப்படியே இருந்தது. சீட்டு மெத்தையைத் தூக்கினால் மூடி. மூடியைத் திருகினால் வாசனை குப்பென்று வரும். சுமார் 57 லிட்டர் பிடிக்கும். ஒருநாளும் அப்பா அதை நிரப்பியதில்லை. அதற்கான பணம் ஒரே நாளில் அவர் கையில் சேர்ந்ததில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். அதுதான் பிழைப்பு. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். தோட்டத்துக்கு நடுவே பெட்ரோல் தீர்ந்தால் யாராவது போடிக்கு இறங்கித்தான் வாங்கி வரவேண்டும். டேஷ்போர்டில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் ‘ஈ’ என்றும் ‘எஃப்’ என்றும் இரண்டு எழுத்து, நடுவில் ஒரு முள். எங்கள் வீட்டு உலை அந்த முள்ளை நம்பித்தான் கொதித்தது.

1986 ஆவணி மாதம். நான் ஏழாம் வகுப்பு. சனிக்கிழமை லீவு என்பதால் அப்பாவோடு ஜீப்பில் போயிருந்தேன். காலையில் முந்தல் தாண்டும்போது முள் ‘எஃப்’பில் நின்றது. பூப்பாறையில் இறக்கி விட்டபோதும் அங்கேயே நின்றது. முந்தின நாள் பங்கில் போட்ட பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். சாயங்காலம் காய் எடுத்து முடித்த பெண்களும் ஆண்களுமாகப் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். போடிமெட்டு தாண்டி இறக்கத்தில் இரண்டு வளைவு வந்ததும் வண்டி இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றுவிட்டது. மழை. இருட்டத் தொடங்கியிருந்தது. முள் அப்போதும் ‘எஃப்’பில்தான் நின்றது.

“கியர்ல போட்டே இறக்கிரலாம்லண்ணே, இறக்கம்தானே” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“பதினோரு உசுரு இருக்கு. இந்த மழையில செத்த வண்டிய நான் இறக்க மாட்டேன்” என்றார் அப்பா.

நான் இறங்கி ஓடி, கல் பொறுக்கி, நாலு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தேன். எல்லாரும் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பாறை ஓரம் ஒதுங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலேயிருந்து இன்னொரு ஜீப் வந்து, அதன் டேங்கிலிருந்து ரப்பர் டியூப்பை வாயால் உறிஞ்சி, ரெண்டு லிட்டர் வடித்துக் கொடுத்தார்கள். ஏறும்போது ஒரு கிழவி அப்பாவைப் பார்த்துக் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. “ஏப்பா, காலையில முள்ளு நெறஞ்சு கெடக்குன்னு சொன்னியே.” கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அப்பாவிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தும் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ராவுத்தர் மாமா பட்டறை. அப்பாவுக்கு அவர் மச்சான், எனக்கு மாமா. பெட்ரோல் வேலை என்றால் பீடியைத் தீப்பெட்டியோடு எடுத்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

“மாப்ள, முள்ளு செத்துருச்சா, பொய் சொல்லுதா? ரெண்டும் வேற வேற நோவு” என்றார் முதலில்.

சாவியைத் திருகி வைக்கச் சொன்னார். முள் ‘எஃப்’புக்கு ஏறியது. சீட்டு மெத்தையை எடுத்தார். டேங்க் தலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு, சுற்றிலும் திருகு, நடுவில் ஒரு ஒயர். அந்த ஒயரைக் கழற்றினார். என்னை டேஷ்போர்டைப் பார்க்கச் சொன்னார். முள் அசையவில்லை. அவர் ஒயரைக் கையில் பிடித்து, சீட்டுச் சட்டத்திலிருந்து மெல்ல விலக்கினார். இப்போது முள், உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறவர் தலைபோல, மெதுவாகச் சரிந்து ‘ஈ’க்கு வந்தது.

“உசுரோடதான் இருக்கு” என்றார்.

அந்தச் சின்னச் சோதனையின் பொருள் எனக்குப் பின்னால்தான், இயற்பியல் படித்தபோதுதான், முழுதாகப் புரிந்தது. முள்ளுக்குப் பெட்ரோலைத் தெரியாது. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஃப்ளோட் என்பார்கள். பெட்ரோல் ஏற அதுவும் ஏறும், இறங்க இறங்கும். அதன் கைக்கம்பி மறுமுனையில் ஒரு கம்பிச் சுருள் மேல் உரசிக்கொண்டே நகரும். ஃப்ளோட் கீழே இருந்தால் மின்சாரம் சுருள் முழுவதையும் கடக்க வேண்டும், தடை அதிகம். மேலே இருந்தால் கொஞ்சம் சுருள்தான், தடை குறைவு. அந்தத் தடைக்கு ஏற்றபடி மீட்டருக்குள் மின்சாரம் ஓடும்; ஓடுகிற மின்சாரத்தின் சூட்டில் இரட்டை உலோகத் தகடு ஒன்று வளையும்; அந்த வளைவு முள்ளைத் தள்ளும். முள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது அதனால்தான். டேங்குக்குப் போகிற ஒயர் வழியிலேயே பாடியில் எர்த் ஆகிவிட்டால் தடையே இல்லை. மீட்டர் அதை நிறைந்த டேங்க் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ராவுத்தர் மாமா ஒயரைத் தொங்கவிட்டபோது தடை எல்லையில்லாமல் போனது, முள் விழுந்தது. எங்கள் வண்டியில் முந்தைய முதலாளி மாட்டியிருந்த மீட்டர் இந்த வகை. வேறு சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். ஒயரைக் கழற்றினால் ‘எஃப்’ காட்டும். எந்த வகை என்று தெரியாமல் கை வைக்கிறவர் நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

சீட்டுச் சட்டத்தின் ஓட்டை வழியாக ஒயர் வரும் இடத்தில், நெல் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்தது. அப்பா ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டியதில், சட்டம் அசைந்து அசைந்து அறுத்திருக்கிறது. மாமா அதில் ஸ்லீவ் போட்டு, துணி டேப் சுற்றி, ஒயரைத் திரும்ப மாட்டினார். அப்பா 20 லிட்டர் வாங்கி வந்து ஊற்றினார். சாவி போட்டோம். முள் ‘ஈ’யிலேயே கிடந்தது.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “மாப்ள, ரெண்டு திருடன் இருக்கான். ஒருத்தன் பின்னால இன்னொருத்தன் ஒளிஞ்சிருக்கான்.”

தகட்டின் திருகுகளைக் கழற்றி, பழைய பேக்கிங்கைக் கத்தியால் சுரண்டி, டேங்க் யூனிட்டை அலுங்காமல் சாய்த்து வெளியே எடுத்தார். கம்பி முனையில் பித்தளை ஃப்ளோட். பெரிய நெல்லிக்காயை இரண்டு பக்கமும் அமுக்கினால் எப்படி இருக்கும், அந்த வடிவம். துடைத்துவிட்டு என் காதருகே ஆட்டினார். உள்ளே சளக், சளக் என்றது. ஒரு மடக்குப் பெட்ரோல் உள்ளே போயிருந்தது. மிதக்க வேண்டியது முங்கிக் கிடந்திருக்கிறது, எத்தனை நாளாகவோ. ஒயர் எர்த் ஆகாமல் இருந்திருந்தால் முள் காலி காட்டியிருக்கும், அப்பா உஷாராகியிருப்பார். ஒயரின் ரப்பர் தேய்ந்தது அதை மறைத்துவிட்டது.

அடுத்த மூன்று நாள் வேலை எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. கொதிக்க வைத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, அடுப்பிலிருந்து தூரமாகக் கொண்டுவந்து, ஃப்ளோட்டை அதில் முக்கிப் பிடித்தார். இரண்டு மூடியும் சேர்கிற விளிம்பிலிருந்து கடுகு கடுகாகக் குமிழி வந்தது. ஓட்டை அங்கே. மேலே ஊசியால் இன்னொரு துளை குத்தி, உள்ளே இருந்த பெட்ரோலைச் சொட்டச் சொட்ட வடித்தார். பிறகு வெயிலில் வைத்தார். சாயங்காலம் மறுபடி சுடுதண்ணீரில் போட்டார், மறுநாள் மறுபடி வெயில். “இதுக்குள்ள ஆவி இருக்கும் மருமகனே. பத்து வைக்கிற சூட்டுல வெடிச்சா மூஞ்சி போயிரும்” என்று என்னைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார். மூன்றாம் நாள்தான் ஈயம் உருக்கினார். விளிம்பை அடைப்பது சுலபமாக முடிந்தது. ஊசித்துளைதான் படுத்தியது. பத்து வைக்கும் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து, வைத்த ஈயத்தைத் துப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில், ஃப்ளோட்டைத் துளை மட்டும் வெளியே தெரியும்படி பச்சைத் தண்ணீரில் உட்கார வைத்து, ஒரு சொட்டு ஈயத்தைத் தொட்ட கையோடு எடுத்தார். நின்றது. தண்ணீரில் போட்டதும் குதித்து மிதந்தது. அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கூலி என்று வாங்கியது பேக்கிங் காசும் ஈயத்துக்கு ஆனதும்தான். அந்த மூன்று நாளும் வண்டி நிற்கவில்லை. திறந்த ஓட்டையை ஒரு தகடு வைத்து மூடிக்கொண்டு அப்பா மலையேறினார். முள் இல்லாமல் எப்படி? அதற்குத்தான் குச்சி.

தச்சரிடம் ஒரு தேக்குச் சட்டம் வாங்கினார். விரல் அகலம், ஒன்றரை முழம் நீளம். டேங்கைச் சுத்தமாக வடித்துவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு எதிரே சமதரையில் நிறுத்தி, பங்கிலிருந்து அளந்து வாங்கிய பெட்ரோலை ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் குச்சியை நேராக இறக்கி, அடி தொட்டதும் எடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் வெட்டு. பெட்ரோல் நனைத்த அடையாளம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். என் பைக்கூட்டிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் குச்சி முழுக்கப் பூசச் சொன்னார். வெள்ளையில் ஈரம் கறுப்பாக, கோடு போட்டதுபோலத் தெரிந்தது. முதல் வெட்டுக்கும் இரண்டாம் வெட்டுக்கும் இருந்த இடைவெளி, மேலே இருந்த வெட்டுகளுக்கு நடுவில் இல்லை. டேங்க் செங்கல் மாதிரிச் சமமான பெட்டியாக இல்லாததால் அப்படி. ஸ்கேலை வைத்து அங்குலக் கணக்கில் வெட்டியிருந்தால் அந்தக் குச்சி பொய் சொல்லியிருக்கும்.

முதல் வெட்டுக்குக் கீழே இருப்பதை அப்பா கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெட்ரோலை உறிஞ்சுகிற குழாய் டேங்க் அடியைத் தொடாது. மலையில் வண்டி சாய்ந்தால் இருக்கிற பெட்ரோலும் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சும். “அது பெட்ரோல் இல்ல, சேறு” என்பார். முள் சரியான பிறகும் குச்சியை விடவில்லை. தினம் விடியற்காலை, சீட்டைத் தூக்கி, ஒரு முக்கு. பிறகுதான் சாவி. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். ஏற்றத்துக்கு லிட்டருக்கு ஆறு, இறக்கத்துக்குப் பத்துக்கு மேல் என்று அவருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு அந்த ஜீப் விற்கும்வரை வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றதே இல்லை.

அந்தக் குச்சி இப்போது என்னிடம் இருக்கிறது. நான் மதுரையில் பள்ளி ஆசிரியர், இயற்பியல். ஒன்பதாம் வகுப்புக்கு அலகுகள் பாடம் எடுக்கும் முதல் நாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். குச்சியைக் காட்டிவிட்டு ஒரு விமானத்தின் கதை சொல்வேன். 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767, மாண்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் போக வேண்டியது. விமானி அறையில் எரிபொருள் காட்டும் மீட்டர்கள் வேலை செய்யவில்லை. அதனால் இறக்கையின் அடியிலிருக்கும் அளவுகோலால் டேங்கை அளந்தார்கள். அளந்தது சரி. எத்தனை லிட்டர் என்பதும் சரி. லிட்டரை எடையாக மாற்றும்போது, ஒரு லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ என்பதற்குப் பதிலாக, பவுண்டுக் கணக்கின் 1.77 என்ற எண்ணைப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். தேவை 22,300 கிலோ. ஏறியது அதில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு என்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் பாப் பியர்சன் அதைக் கிளைடர்போல மிதக்கவிட்டு, மானிடோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் 69 பேர். ஒருவரும் சாகவில்லை.

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். நான் குச்சியை உயர்த்திப் பிடிப்பேன். என் அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. அடர்த்தி என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் குச்சியில் அங்குலமும் இல்லை, மாற்றுக் கணக்கும் இல்லை. எந்த டேங்கை அளக்க வேண்டுமோ அந்த டேங்கிலேயே ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி வெட்டிய வெட்டு. தவறு நுழைய அவர் இடமே வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

2024 தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பாவை என் காரில் போடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு அப்போது 82. என் காரில் முள் கிடையாது. எட்டுக் கட்டம், பக்கத்திலேயே இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண். செக்கானூரணி தாண்டும்போது அப்பா கேட்டார்.

“எப்பப்பா பெட்ரோல் போட்ட?”

“போன வாரம்ப்பா. நாலு கட்டம் இருக்கு. இன்னும் 230 கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது.”

“போட்டு எத்தன கிலோமீட்டர் ஓட்டிருக்க?”

எனக்குத் தெரியவில்லை. டிரிப் மீட்டரை நான் பூஜ்யமாக்குவதே இல்லை. ஆசிரியர் நான், வகுப்பில் அந்தக் கதையெல்லாம் சொல்கிறவன். அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உசிலம்பட்டி கடந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் கார் திணறியது, நின்றது. திரையில் நாலு கட்டமும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லை. அப்பா திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். 37 வருஷத்துக்கு முந்தைய மழை இரவு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர்தான் முதலில் கதவைத் திறந்து இறங்கினார். பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் தேடினார்.

டெம்போக்காரர் ஒருவர் என்னை ஆண்டிபட்டி பங்க்வரை ஏற்றிப்போனார். கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்துதான் போய்ச் சேர்ந்தோம்.

மதுரை திரும்பியதும் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டரை மாட்டினார்கள். ஃபால்ட் கோடு எதுவுமில்லை என்றது. அட்வைசர் பண்பான இளைஞர். “ஃப்யூயல் பம்ப் மாட்யூலையே மாத்திரலாம் சார். பம்ப், ஃபில்டர், லெவல் சென்சார் எல்லாம் ஒரே யூனிட்” என்றார். மதிப்பீடு 11,400 ரூபாய். கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “கழற்றுனா மாத்துறதுதான் சார்.” ஆறு மாதத்துக்கு முன்னால் இதே மாட்யூலை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ததாக உங்கள் பில்லிலேயே இருக்கிறதே என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த வழி அது. ஆனால் ஒரு ஓம் மீட்டரைக்கூட வைத்துப் பார்க்காமல், எது கெட்டது என்று தெரியாமலே எல்லாவற்றையும் மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கெட்டது எது என்று யாருக்கும் தெரியாமலே அந்த வண்டி மறுபடி ரோட்டுக்கு வரும். அதில் பதினோரு பேர் உட்காரலாம்.

புதிய அமைப்பைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. என் காரின் கட்டம் காட்டுகிற முறை பழைய முள்ளைவிட நுட்பமானது. வளைவில் பெட்ரோல் அலைந்தால், கருவி அந்த அலைச்சலைச் சராசரி எடுத்துச் சாந்தமாகக் காட்டுகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண்ணும் நிஜமான கணக்குத்தான். சற்று முன் வண்டி எப்படிக் குடித்ததோ அதை வைத்துப் போடுகிற கணக்கு. அதனால் போடிமெட்டு ஏறும்போது அந்த எண் மளமளவென்று குறையும். இறங்கும்போது பெட்ரோல் போடாமலே கூடும். அப்பாவின் நோட்டில் ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று இருந்ததும் இதுதான். ஒரு வித்தியாசம். அப்பாவின் கணக்கைப் போட்டது அப்பா. அதனால் அது எங்கே தப்பும் என்று அவருக்குத் தெரியும்.

தேனியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார், முப்பது வயதிருக்கும். அப்பாதான் விசாரித்து வைத்திருந்தார். கூடவே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். எலக்ட்ரீசியன் பேட்டரியைக் கழற்றி, டேங்கில் இருந்த கொஞ்சத்தையும் கேனில் வடித்துவிட்டு, பின் சீட்டைத் தூக்கி, தகட்டைத் திறந்து, மாட்யூலை வெளியே எடுத்தார். பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முங்கி இருக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. எப்போதும் காலியாகவே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போகும் என்று அவர் சொன்னார். பக்கவாட்டில் ஒரு சின்னப் பீங்கான் அட்டை, அதில் அச்சடித்த கோடுகள், அவற்றின் மேல் உரசும் மயிரிழை போன்ற விரல்கள். கம்பி முனையில் கறுப்பு ஃப்ளோட். நான் தொட்டுப் பார்த்தேன். பித்தளை இல்லை, ஆனால் வேலை அதே வேலை.

மல்டிமீட்டரை மாட்டி, ஃப்ளோட்டைக் கையால் மெதுவாக ஏற்றி இறக்கினார். எண் எங்கும் குதிக்காமல் சீராகக் கூடியது, சீராகக் குறைந்தது. “சென்சார் ஓகே சார்.” பிறகு பேட்டரியை மாட்டி, சென்சாருக்குப் பதில் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒரு தடையை கனெக்டரில் இணைத்துத் திருகினார். திரையில் கட்டங்கள் எட்டிலிருந்து ஒன்றுவரை வரிசையாக அணைந்தன. “டிஸ்ப்ளேயும் ஓகே.” பழைய காலம்போல ஒயரை நேரே எர்த்தில் தொடக் கூடாதா என்று கேட்டேன். இப்போதைய மீட்டரில் அது ஆகாது சார், போர்டு போய்விடும் என்றார்.

இரண்டும் சரி. அப்படியானால் கெட்டது எது? அவர் தலையைச் சொறிந்தார். அப்பா ஸ்டூலிலிருந்து சொன்னார்:

“வெளிய எடுத்தா நல்லா ஆடுது. உள்ள போட்டா பாதியில நிக்குது. அப்ப உள்ள என்னமோ தட்டுது தம்பி.”

அந்தத் தம்பி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். டார்ச்சை அடித்து டேங்க் வாயைப் பார்த்தார். வாய் விளிம்பில் ஒரு கோடு. மாட்யூலின் தலையில் ஒரு அம்புக்குறி. இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். எடுத்தபோது எப்படி இருந்தது என்று போனில் அவர் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கினார். அம்பு, கோட்டிலிருந்து ஒரு விரல் அளவு திரும்பியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் சுத்தம் செய்து மாட்டியவர் சரித்து மாட்டியிருக்கிறார். ஃப்ளோட் பாதி உயரத்துக்கு இறங்கியதும் டேங்கின் உள்சுவரில் இடித்து அங்கேயே நின்றுவிடுகிறது. கம்பியைக் கூர்ந்து பார்த்தால் இடித்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

“தாத்தா, நீங்க மெக்கானிக்கா?”

“இல்லப்பா. டிரைவர்.”

அம்பையும் கோட்டையும் சேர்த்து மாட்டி, புது ரப்பர் வளையம் போட்டு முடிக்க அரை மணி ஆனது. 600 ரூபாய் வாங்கினார். நான் கூடக் கொடுத்ததை வாங்க மறுத்தார்.

கேனில் இருந்ததை ஊற்றிவிட்டு நேரே வீட்டுக்குப் போகலாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கேனை அப்படியே டிக்கியில் வைக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, பக்கத்துப் பங்குக்குப் போகச் சொன்னார். மத்தியானம் மூன்று மணி, கூட்டமில்லை. ஐந்து லிட்டர் போடச் சொன்னார். போட்டு முடித்ததும் வண்டியைப் பம்ப்பிலிருந்து தள்ளி, சமதரை பார்த்து நிறுத்தி, சாவியைத் திருகச் சொன்னார். சர்வீஸ் சென்டர் மதிப்பீட்டுத் தாள் முன்பெட்டியில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினார். மறுபடி பம்ப்பு. மறுபடி ஐந்து. பங்க் பையன் முதலில் முகம் சுளித்தான். மூன்றாவது தடவை என்ன செய்கிறோம் என்று கேட்டான். நாலாவது தடவை அவனே எட்டிப் பார்த்துக் கட்டத்தை எண்ணிச் சொன்னான். பத்துக்கு இரண்டு கட்டம், பதினைந்துக்கு மூன்று, இருபதுக்கு ஐந்து.

“இது என்ன, நடுவுல ஒண்ணு முழுங்கிருச்சு?” என்றார் அப்பா. டேங்க் நடுவில் ஒடுங்கியிருக்கலாம் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு, பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார். பிறகு தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்து, “டிரிப்பை சைபர் பண்ணு” என்றார்.